மூடிக்குள் போகும் நேரம்

டிவியில் கேக் செய்து காட்டுவது சுலபம். மாவை அடுப்பில் ஏற்றிய கையோடு, மேசைக்கு அடியிலிருந்து முன்பே வெந்து ஆறிய கேக் ஒன்றை எடுத்து வைத்துவிடலாம். நடுவில் போகவேண்டிய முக்கால் மணி நேரம் பார்ப்பவர் கண்ணில் படாது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பேக்கிங் இருக்கிறது. டிவியை விட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தபின் என் வேலையே அதை எழுதுவதுதான்.

சித்தன்னவாசலில் எங்கள் தெருவில் ஓவன் வைத்திருப்பவர்கள் குறைவு. "180 டிகிரியில் 35 நிமிடம்" என்று எழுதினால் இங்கே யாருக்கு ஆகும்? அடிகனமான சட்டியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றச் சொல்கிறேன். மணல் சூட்டை வாங்கி மெல்ல விடும். கேக்கின் அடி கருகாது. டின்னை வைத்துச் சிம்மில் விட்டபின் 25 நிமிடம் மூடியைத் தொடக்கூடாது. நடுப்பகுதி இறுகுமுன் குளிர்காற்று பட்டால் எழும்பியது அமுங்கிவிடும். முதலில் முட்டை வாடை வரும். அது அடங்கி வெண்ணெய் மணம் எழும்பும். ஓரம் டின்னைவிட்டு நூலிழை விலகும். அப்போது ஈர்க்குச்சியை நடுவில் குத்துங்கள். மாவு ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம். ஈரத்துகள் ஒன்றிரண்டு ஒட்டினால் இறக்கிவிடலாம்.

மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' எழுதியபோது, கேட்க ஆளில்லாத வீட்டில் அடுப்படிக்குள் நுழையும் பெண்ணை மனதில் வைத்து எழுதினார். என் கணக்கில் சமையல் எழுதும் எங்கள் எல்லோருக்கும் அவரே ஆசான். டிவியிலிருந்து எழுத்துக்கு வந்த இன்னொருவரும் உண்டு: பிரிட்டனில் தத்துவ மாணவியாக இருந்த ரூபி டாண்டோ, 2013-இல் டிவி பேக்கிங் போட்டியின் இறுதிச்சுற்றுவரை வந்து, பிறகு உணவு எழுத்தாளரானார். 2021-இல் வந்த அவருடைய 'குக் அஸ் யூ ஆர்' நூலில் போட்டோ கிடையாது, வரைந்த படங்கள்தான். பளபளக்கும் போட்டோவோடு தன் கேக்கை ஒப்பிட்டு மனமொடிந்து போகிறவர்களை நானும் பார்த்திருப்பதால், அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கள் மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் 2018-இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அம்மியில் அரைப்பதைக்கூட ஒளிக்காமல் காட்டுகிறார்கள். ஆனால் ஊருக்கே ஆக்கும் அண்டாவை நாலு பேர் சாப்பிடும் சட்டிக்குள் கொண்டுவருவது வெறும் வகுத்தல் கணக்கு அல்ல. சின்னச் சட்டியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அளவு புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏழடிப்பட்டம் குகையின் கற்படுக்கைகளில் சமணத் துறவிகள் உண்ணாநோன்பிருந்ததாகச் சொல்லும் ஊர் எங்கள் சித்தன்னவாசல். இங்கே உட்கார்ந்து 'நாவில் கரையும்', 'சொர்க்க ருசி' என்றெல்லாம் எழுத எனக்குக் கை வருவதில்லை. கேழ்வரகு கேக் ஏன் உதிர்கிறது என்று எழுதலாம்: கேழ்வரகில் குளூட்டன் இல்லை, எழும்பும் காற்றைப் பிடித்துவைக்க அதற்குத் தெம்பு போதாது. பாதி கோதுமை மாவு சேர்த்து, முட்டையை நன்றாக நுரைக்க அடித்தால் நிற்கும்.

போன மாதம் ஒரு வாசகி போனில் கேட்டார்: "சிம்மில் வைங்கன்னு எழுதிட்டீங்க அக்கா, விறகடுப்ப எப்படி சிம்மில் வைக்கிறது?" நியாயமான கேள்வி. செய்து பார்த்துவிட்டு அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுத்தேன்: விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் சட்டியை வையுங்கள், மூடிமேலும் நாலு கங்கு போடுங்கள், கங்கு சாம்பல் பூத்ததும் மாற்றுங்கள்.