பக்கம் திருப்பும் முன் ‘ஆகு’

செகந்திராபாத் பத்மாராவ் நகரில், ஸ்கந்தகிரி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் 22 வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை, பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்கனி உருது, பள்ளியில் இங்கிலீஷ் என்று நான்கையும் அரைகுறையாக வாயில் வைத்திருக்கிற பிள்ளைகள். “எந்தப் புத்தகம் வாங்கலாம், ஒரு லிஸ்ட் அனுப்புங்க ஆன்ட்டி” என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். அனுப்பலாம். அதற்கு முன்னால் புத்தகத்தைப் பிடிக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது பிடிபட இரண்டு வருஷம் ஆயிற்று.

முதல் நாள் நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு, பேப்பர் படிப்பதுபோல் படித்தேன். நல்ல குரல், நிறுத்தி நிதானமான உச்சரிப்பு. நான்காம் பக்கத்தில் தலையைத் தூக்கினால் ஒரு பையன் வாசலில் இருந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா கேட்டது ஒரே கேள்வி: “புஸ்தகம் நீகா, பில்லலகா?” உனக்கா, பிள்ளைகளுக்கா.

டீச்சரம்மா வாரங்கல் பக்கத்துக்காரர். பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வாசிப்பைத் தொடங்கியதே அவர்தான். நான் பாய் விரிக்கப் போய் மாட்டிக்கொண்டவள். அவர் புத்தகத்தை வலது தோளுக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இறக்கிப் பிடிப்பார். வலது கட்டைவிரல் கீழே நடுமடிப்பில் நிற்கும், படத்தில் ஏறாது. திருப்புவது இடது கை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இடது கையில் பிடித்து வலது கையால் திருப்புகிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கை படத்துக்குக் குறுக்கே போய் யானையை மறைக்கும். வலது பக்கம் பிடித்தால் திருப்ப வேண்டிய தாள் உங்கள் நெஞ்சோரம் இருக்கும். இடது கை யாருக்கும் தெரியாமல் வேலையை முடித்துவிடும். உருதுப் புத்தகம் என்றால் எல்லாம் மாறும், அதை இடது பக்கம்தான் பிடிக்க வேண்டும். இப்படிப் பிடித்தால் எழுத்தை ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். ஆகவே முந்தின இரவே வாசகம் மனப்பாடமாகிவிட வேண்டும். மனப்பாடம் செய்யப் பிடிக்காத புத்தகத்தை நான் எடுத்துப் போவதில்லை. என் தேர்வுமுறை இவ்வளவுதான்.

அவர் எனக்குச் சொன்ன பாடத்தில் பாதி ஒற்றைச் சொல்: “ஆகு.” தெலுங்கில் ‘பொறு’ என்று பொருள். ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் 20 ரூபாய்க்கு, பாட் ஹட்சின்ஸ் 1968இல் செய்த ‘ரோஸீஸ் வாக்’ கிடைத்தது. கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி நடந்து வீடு திரும்புகிறது. புத்தகம் முழுக்க ஒரே ஒரு வாக்கியம். படத்தில் பின்னாலேயே நரி வருகிறது. வாசகத்தில் நரி என்ற சொல்லே கிடையாது. நான் முதல் பக்கத்திலேயே விரலை நீட்டி, “பாருங்க, நரி!” என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பார்த்தார்கள். அதோடு முடிந்தது. டீச்சரம்மா என் முழங்கையில் வலிக்கிற மாதிரி ஒரு கிள்ளு கிள்ளினார்.

இரண்டு மாதம் கழித்து வேறு பிள்ளைகளுக்கு அதே புத்தகத்தை அவர் வாசித்தார். கோழியைப் பற்றி மட்டும் பேசினார். நரி இருப்பதே தெரியாதவர் மாதிரி முகம். மூன்றாவது விரிப்பில் ஒரு சிறுமி எழுந்து வந்து நரியின் மேல் விரல் வைத்து, “நக்கா! நக்கா!” என்று அவரையே எச்சரித்தாள். “ஏதி? எக்கட?” என்று அவர் புத்தகத்துக்குப் பின்புறம் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு அந்தப் புத்தகத்தை ஐந்து முறை வாசிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொறுமையை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். சின்ன வயதில் பார்த்த சேரியால் துணிச்சுருளைச் சொன்னார். இன்றைக்குச் சித்திப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிற சேரியால் ஊரின் நகாஷி குடும்பங்கள், துணியில் புளியங்கொட்டைக் கஞ்சியும் வெள்ளை மண்ணும் பூசி, சிவப்புப் பின்புலத்தில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார்கள். கதைசொல்லி அதைத் தொங்கவிட்டு இரவெல்லாம் சாதிப் புராணம் பாடுவார். ஒரு கட்டம் முடியும்வரை அடுத்த கட்டம் சுருளுக்குள்ளேயே இருக்கும். “அடுத்து என்ன என்று தெரியாமல் நாங்கள் தூங்காமல் கிடந்தோம்” என்றார். நம்முடைய படப்புத்தகத்தில் சுருளின் வேலையைத் தாள் செய்கிறது. அசோக் ராஜகோபாலனின் ‘கஜபதி குலபதி’ (துலிகா, 2010) வாசிக்கும்போது இது கைக்கே தெரியும். ஜலதோஷம் பிடித்த யானை தும்மப் போகிறது. அந்தத் தும்மலை மூக்கிலேயே அடக்கிக்கொண்டு தாளைப் பாதி தூக்கி நிறுத்த வேண்டும். நான் பல தடவை தாள் திரும்புவதற்குள் தும்மியிருக்கிறேன். தும்மல் முந்தினால் சிரிப்பு வராது.

மொழி விஷயத்திலும் அடிபட்டுத்தான் கற்றேன். துலிகா பதிப்பகம் ஒரே புத்தகத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் போடுவதால் இரண்டையும் வாங்கிவிடுவேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் 2015இல் வந்தபிறகு, அதில் இலவசமாக எடுத்து, அச்சடித்து, தெலுங்கு வாசகத்துக்குக் கீழே தமிழ்ச் சீட்டு ஒட்டிக்கொள்கிறேன். ஆனால் ஒலியை மொழிபெயர்க்கப் போனால் மாட்டிக்கொள்வோம். ஒருநாள் சேவலுக்குக் ‘கொக்கரக்கோ’ என்று கூவினேன். மல்காஜ்கிரியிலிருந்து வருகிற ஒரு பையன் கோபமாக, “எங்க பாட்டி வீட்டுக் கோழி ‘கொக்கொரொகோ’ன்னுதான் கூவும்” என்றான். இன்னொருத்தி ‘குக்டூகூ’ என்றாள். நான் திருத்தப் பார்த்தேன்; டீச்சரம்மா கையமர்த்தினார். அன்றிலிருந்து சேவல், நாய், காக்கை வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், பிள்ளைகள் கூவுகிறார்கள். மேல் மாடிக்காரர் இரண்டு முறை புகார் செய்திருக்கிறார்.

சந்தியா ராவ் எழுதி நீனா சப்னானி படம் செய்த ‘மை மதர்ஸ் ஸாரி’ (2006) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிஜச் சேலைகளின் புகைப்படத்தின் மேல் வரைந்த குழந்தைகள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ‘இதில் என்ன இருக்கிறது’ என்று கடையில் திருப்பி வைத்துவிடுகிற ரகம். வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி தவழ்ந்து வந்து என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அவள் அம்மா சேலை கட்டுபவர் இல்லை. மறுவாரம் அம்மாவின் துப்பட்டா ஒன்றை மடித்துக் கொண்டுவந்து, புத்தகத்தில் அதை வைக்கச் சொன்னாள். இரண்டு பக்கத்துக்கு நடுவில் வைத்தோம். அதையும் ஒரு பக்கமாக நினைத்துத்தான் இப்போதும் வாசிக்கிறேன்.

பரிசு வாங்கிய புத்தகம் என்பதற்காக எதையும் பையில் வைக்க மாட்டேன். தாரா புக்ஸின் ‘நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ போலோக்னா புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது. கோண்ட் ஓவியர்கள் வரைந்து, கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் பிரின்ட் செய்தது. விலையும் அதற்கேற்றாற்போல. பிள்ளைகளுக்கு அதில் முதலில் பிடிப்பது மையின் வாசனை. வரிசையாக வந்து முகர்ந்து பார்க்கிறார்கள். முகர்ந்து முடிந்தபிறகு ஒரு மரம், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, காட்டுவேன். ஹைதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம் 2008இல் கொண்டுவந்த ‘டிஃபரன்ட் டேல்ஸ்’ வரிசை என்னிடம் வருகிற பிள்ளைகளின் வயதுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனாலும் கதீர் பாபுவின் தலைக்கறிக் கதையை வாய்மொழியாகச் சொல்லிப் படத்தை மட்டும் காட்டுவேன். தன் வீட்டுச் சமையலே புத்தகத்தில் கொதிப்பதைப் பார்த்த பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இனி புத்தகம் என்கிற பொருளைப் பற்றி. பிள்ளைகள் விரும்புகிற புத்தகம் கிழியும். எரிக் கார்லின் கம்பளிப்புழு (1969) கடித்துப்போன ஓட்டைகளில் எல்லா விரலும் நுழையும். ஓட்டை வாய் பிளக்கும். நான் செலோடேப் ஒட்டினேன். மே மாத வெயிலில் கோந்து இளகி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது பிளம் பழத்தின் நிறம் டேப்போடு வந்துவிட்டது. சத்தா பஜாரில் கல்யாணக் கார்டு அச்சகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு வயசான பைண்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “டேப் நக்கோ அம்மா, நக்கோ.” தக்கனியில் ‘வேண்டாம்’. மைதாப் பசை காய்ச்சச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பைண்டர்கள் பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் வாயில் வைக்கிற புத்தகம் என்றதும், துத்தம் கூடாது, அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள் என்றார். ஓட்டையைச் சுற்றி மெல்லிய டிஷ்யூ தாளில் வளையம் வெட்டி ஒட்டினால் இன்னொரு வருஷம் தாங்கும்.

பின் அடித்த மெலிந்த புத்தகங்களில் முதலில் துருப்பிடிப்பது பின். அதைக் கழற்றிவிட்டு முதுகில் மூன்று துளை போடுங்கள். மெழுகு தடவிய நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, உள்பக்கமாகவே நீளமாக இறங்கிக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இரண்டு முனையையும் அந்த நீள நூலுக்கு இருபுறமும் வைத்து முடிச்சு. தெலுங்குப் பிள்ளைகளுக்காகத் தார்நாகாவில் மஞ்சி புஸ்தகத்தில் வாங்கி வருகிற சின்னப் புத்தகங்களை இப்போதெல்லாம் புதிதாக இருக்கும்போதே தைத்துவிடுகிறேன்.

டீச்சரம்மா போய் ஆறு வருஷமாகிறது. அவர் கையில் இருந்த அந்த ‘ரோஸீஸ் வாக்’ என்னிடம்தான் இருக்கிறது. நான்கு முறை தைத்தாயிற்று, முதுகு மறுபடி விட்டுவிட்டது. பைண்டரின் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். பழைய கெட்டிக் காலிகோ துணி, பச்சையோ சிவப்போ, ஒரு முழம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் வேண்டும்.