தற்செயலாய் ஒரு தலைப்பு

பெயர் என்பது அடையாளம் காட்டுவதற்கா, பொருள் உணர்த்துவதற்கா என்னும் வினா தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் புதிதன்று. பதிற்றுப்பத்தில் இன்று கிடைக்கும் 80 பாடல்களுக்கும் அவ்வப் பாடலுள் வரும் தொடரே பெயராக நிற்கிறது. இயற்பெயர் அறியப்படாத குறுந்தொகைப் புலவர் சிலர், செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனத் தம் தொடராலேயே நிலைபெற்றனர்.

இப்பழைய வினாவை நம்முன் மீண்டும் வைத்தவள், திருத்தணிக் கல்லூரியொன்றில் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் படிக்கும் கணினி அறிவியல் மாணவி. வீட்டுமொழி தெலுங்கு. பைத்தான் பயிற்சிக்காக நான்கைந்து கட்டளைச் சாளரங்களைத் திறந்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு. எது எதுவென்று தெரியவில்லை. எனவே ஒவ்வொன்றுக்கும் தாறுமாறான எழுத்துக்கோவை ஒன்றைத் தலைப்பாக்கினாள்.

இது விளையாட்டன்று. பழைய விண்டோஸில் ஒரு நிரல் தன் சாளரத்தைத் தானே கண்டுபிடிக்க, வேறெதற்கும் இல்லாத தலைப்பொன்றைச் சூட்டிக்கொண்டு அத்தலைப்பைத் தேடும் உத்தியை மைக்ரோசாஃப்டே பரிந்துரைத்ததுண்டு. பைத்தானில் வழி எளிது. 'ரேண்டம்' கூறு எழுத்துகளைப் பொறுக்கித் தரும். 'சிடைப்ஸ்' வழியாக விண்டோஸின் 'செட்கன்சோல்டைட்டில்' கட்டளையை அழைத்தால் தலைப்பு மாறும். அப்பொறுக்கலும் முழுத் தற்செயலன்று. மட்சுமோட்டோ, நிஷிமுரா என்னும் ஜப்பானியர் இருவர் 1997இல் வகுத்த கணக்குமுறை அதன் பின்னே இயங்குகிறது. ஒரே விதையெண்ணைக் கொடுத்தால் ஒரே வரிசையே திரும்ப வரும்.

"ஐயா, தமிழெழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் என்ன?" என்றாள்.

போட்டுப் பார்த்தோம். அந்தக் கருஞ்சாளரத்தின் உள்ளே தமிழ் வெறும் கட்டங்களாய்ச் சிதைந்தது. தலைப்புப் பட்டையை வரைவது விண்டோஸ் ஆதலின் அங்கு மட்டும் எழுத்துகள் ஒழுங்காய்த் தெரிந்தன. ஆனால் வந்தவை சொற்கள் அல்ல. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள், நிரம்பியவை 72. 'தணிகை' நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து குறி. குறிகளைக் குலுக்கினால் கொம்பும் காலும் மெய்யின்றி அந்தரத்தில் தொங்குகின்றன.

ஆகவே 247 எழுத்துகளையும் பட்டியலாக்கி அதிலிருந்து பொறுக்கச் சொன்னோம். அப்போதும் நாவில் நில்லாதவையே மிகுதி. தொல்காப்பியர் மொழிமரபில் வகுத்த விதிகள் அங்கேதான் தேவைப்பட்டன: தனிமெய் மொழிமுதலாகாது, டகர, றகர, ழகரங்கள் முதலில் வாரா, வல்லின மெய் ஈற்றில் நில்லாது. தேர்வுக்காக மனனம் செய்திருந்தவற்றை அவள் ஒவ்வொன்றாக நிரலில் எழுதினாள். தலைப்புகள் ஒலிக்கத் தொடங்கின. பொருளில்லை, எனினும் தமிழின் சாயல் இருந்தது.

"இவை தமிழ்ச் சொற்களா, ஐயா?"

பொருள் குறிக்காதது சொல்லாகாது என்பதே இலக்கணக் கொள்கை. அதைச் சொன்னபோது அவள் கேட்ட அடுத்த வினா நம்மை நிறுத்திற்று: "எங்கள் வீட்டில் பேசுவதற்குப் பொருள் உண்டே. அதுவும் இங்கே வருமா?"

வரும். தமிழின் கடைசி இடம் 3071 எனில், தெலுங்கின் முதல் இடம் 3072. இடையில் வேலியில்லை. இவ்வூரின் வரலாறு அத்தனை எளிதாக இருந்ததில்லை. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு ஒரு நாளில் மாறிற்று. அடுப்படிப் பேச்சு மாறவில்லை. தமிழ் வகுப்பில் அப்பேச்சைக் குறித்துக் கூசி அமரும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பிழையாக உச்சரித்துவிடுவோமோ என்று அவர்கள் வாய் திறப்பதேயில்லை. அன்று அவள் வாய் திறந்து கேட்டாள் என்பதே நமக்குப் பெரிது.

பின்னர் அவள் குலுக்கலைக் கைவிடவில்லை. குலுக்கப்படும் பட்டியலை மாற்றினாள். தன் பாட்டி வாயில் புழங்கும் தெலுங்குச் சொற்கள் பாதி, நம் பாடநூற் சொற்கள் பாதி. பதிற்றுப்பத்தைத் தொகுத்தோர் பாட்டினுள்ளிருந்தே பெயரெடுத்ததும் ஏறத்தாழ இவ்வழிதான். எச்சொல் வரும் என்பது தற்செயல்; எச்சொற்களுள் ஒன்று வரலாம் என்பதை அவளே முடிவு செய்திருக்கிறாள்.