பின் சக்கரத்துக்கு ஒரு ஜோடி

ஜூலை 8, 2024, திங்கள்

இஸ்லாமியப் புத்தாண்டான அவால் முஹாரம் நேற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் இன்று மாற்று விடுமுறை. தோட்டத்தில் செம்பனைப் பழம் உதிர ஆரம்பித்த நிரைகள் இரண்டு பாக்கி இருந்தன. விடுமுறை என்று விட மனமில்லாமல் காலையிலேயே டிராக்டரை எடுத்தேன். மூன்று மணி வாக்கில், டிரெய்லர் நிறையக் குலைகளோடு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது இடது பின் டயர் போய்விட்டது. வெடிக்கவில்லை. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்ளேயிருந்த டியூப் அந்த வழியாகப் பிதுங்கி வந்தது. அதற்குப் பிறகுதான் காற்று இறங்கியது.

மட்டை முள் குத்தியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். செம்பனை மட்டையின் அடிக்கட்டையில் இருக்கிற முள், காய்ந்துவிட்டால் ஆணிக்குச் சமம். ஆனால் இது முள் வேலை இல்லை. கையால் சேற்றை வழித்துப் பார்த்தேன். ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் நுண்ணிய வெடிப்பு. பூ பாதிகூடத் தேயவில்லை. இந்தப் பக்கத்தில் டயரின் மேல் வரிகளைப் பூ என்றுதான் சொல்வோம். மலாய்க்காரர் ‘பூங்ஙா’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டோம். பூ இருக்கிறது, உடம்பு செத்துவிட்டது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். அடிபட்ட பழம் காத்துக் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும். பக்கத்துத் தோட்டக்காரர் தன் லோரியைக் கொடுத்தார். மூன்று பேராக இருட்டும்வரை குலைகளை மாற்றி ஏற்றினோம்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று ராத்திரி பெரியப்பா வந்து டயரைப் பார்த்தார். முப்பது வருஷம் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் அடித்து, துணியால் துடைத்து, ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 3616. “இது என்னா தெரியுமா? 2016-ல முப்பத்தாறாவது வாரம். மருந்து வாங்குறப்ப தேதி பாக்குறல்ல?” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2016 செப்டம்பரில் செய்த டயரை, 2023 நவம்பரில் புதுசு என்று வாங்கியிருக்கிறேன். ஏழு வருஷம் எந்தக் கடையின் பின்கட்டில், எந்த வெயிலில் கிடந்ததோ! விற்றவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனாலும் கோபம் அடங்க மறுக்கிறது. சென்ற மாதம் 10-ஆம் தேதியிலிருந்து டீசல் லிட்டர் 3 வெள்ளி 35 காசு. அதற்கு முன் 2 வெள்ளி 15 காசு. ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழிக்கிற நேரத்தில் இப்படி.

கோலசிலாங்கூர், ஆசாம் ஜாவா, ஈஜோக் என்று இன்று நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லாம் கார், லோரி டயர்க் கடைகள். டிராக்டர் டயர் ஓரத்தில் ஒன்றிரண்டு நிற்கும். என் வண்டி மஸ்ஸி ஃபெர்குசன் 240; பின்னால் 13.6-28. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். ஒரு கடையில் 14.9-28 எடுத்துப் போட்டு, “ரிம் ஒண்ணுதானே அண்ணே, ஓடும் லா” என்றார் தம்பி. ரிம்மில் ஏறும், உண்மைதான். ஆனால் டயரின் உயரம் மாறிவிடும். ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக ஓடினால், நேர்ப்பாதையில்கூட டிஃபரென்ஷியல் பற்கள் ஓயாமல் சுழன்று தேயும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் இதைவிட ஆபத்து. முன்டயருக்கும் பின்டயருக்கும் உள்ள சுற்றளவுக் கணக்கு தப்பினால் முன் கியரே போய்விடும். தெரிந்த ஒருவருடைய குபோட்டாவுக்கு அப்படித்தான் ஆனது.

நான்கு கடையிலும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சைஸ் என்ன?”

ஜூலை 10, புதன்

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒருவரிடம் ஜோடி இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பத்தாங் பெர்ஜுந்தை என்று பழைய பெயரைச் சொன்னால்தான் எனக்கு அந்த ஊர். அங்கே இருந்தது பழைய டயருக்குப் புதுப் பூ ஒட்டிய ‘செலுப்’. லோரிக்குச் செலுப் போட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். உள்துணி நன்றாக இருந்தால் தப்பும் இல்லை. அங்கே பார்த்ததிலோ பக்கவாட்டில் அதே வெடிப்பு. திரும்பிவிட்டேன்.

வரும் வழியில் தென்னமரம் தோட்டத்தை ஒட்டி வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். நம் மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிற தோட்டம். 1917-இல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதல் செம்பனை நட்டது இங்கேதான். அதற்கு முன் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காகச் சில மரங்களை வைத்துப் பார்த்திருந்தார். பிறகு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் வாங்கினார். அவர் வைத்த செம்பனைதான் கடைசியில் பால்மரத்தை இந்த வட்டாரத்திலிருந்து ஓரங்கட்டியது.

என் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கிற வரிசையில், நின்று, நெற்றியில் விளக்குக் கட்டி, அவர்கள் இறக்கிய பால் கப்பலேறி எந்த ஊரிலோ டயரானது. 1988-இல் மலேசியா 16 லட்சம் டன்னுக்கு மேல் ரப்பர் எடுத்தது, உலகத்தில் முதலிடம். இன்று நான் பார்த்து வைத்திருக்கிற டயர்களெல்லாம் இந்தியாவிலும் சீனாவிலும் செய்தவை. ஷா ஆலாமில் 1972 முதல் ஓடிய குட்இயர் ஆலையைச் சென்ற மாதக் கடைசியோடு மூடிவிட்டார்கள். 550 பேருக்கு வேலை போகிறது என்று பிப்ரவரியிலேயே அறிவித்திருந்தார்கள். அங்கிருந்து என் டிராக்டருக்கு டயர் வந்ததில்லை. என்றாலும் செய்தியைப் படித்த அன்று மனது கேட்கவில்லை. பால் வடித்த மண்ணில் ஒரு டயருக்காக இரண்டு நாளாக அலைகிறேன்.

ஜூலை 12, வெள்ளி

கிடைத்துவிட்டது. தஞ்சோங் காராங் தாண்டி, சாவா செம்பாடான் போகிற சாலையில். வெளியே பெரிய பலகைகூட இல்லை. வயல் வண்டிக்காரர்கள் கைகாட்டி விட்டார்கள். நெல் வெளியில் வருஷத்துக்கு இரண்டு போகம். ஒரு நாள் வண்டி நின்றால் அடுத்த வயலுக்குத் தண்ணீர் முறை தப்பும். அவர்கள் நம்புகிற கடை என்றால் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

கடை முதலாளியான தவுக்கேக்கு அறுபது வயதிருக்கும். மலாயில்தான் பேசினோம். சைஸைச் சொன்னதும் எழுந்திருக்கவில்லை. என்ன மண், செம்பனையா நெல்லா, டிரெய்லரில் எத்தனை டன், தார்ச்சாலையில் எவ்வளவு தூரம் ஓடுவேன், டயரில் தண்ணீர் நிரப்புவேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடலோரக் களிமண், மூன்று டன், மில்லுக்குப் பாதி தூரம் தார் என்றேன். வாசலில் நின்ற ஆழமான பூ உள்ள டயரை நான் தொட்டுப் பார்த்தபோது தலையசைத்து மறுத்தார். அது ஆர்-2, நெல் வயலுக்கானது. பூவின் ஆழம் சாதாரண டயரைப்போல இரண்டு மடங்கு. சேற்றில் அதுதான் ராஜா. தாரில் ஓட்டினாலோ சீக்கிரம் தேய்ந்துவிடும், செம்பனை நிரைக்குள் ஓட்டினால் மேல்வேரைக் கிழித்துவிடும். எனக்கு ஆர்-1 போதும், எட்டு பிளை எடுத்துக்கொள் என்றார். தன் விலைகூடிய சரக்கை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரை இந்த வாரத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

கொட்டகைக்குள் அழைத்துப் போனார். இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. டயர்களைப் படுக்கப்போட்டு அடுக்காமல் நிற்க வைத்திருந்தார். நான் கேட்குமுன் அவரே குனிந்து துணியால் துடைத்தார். 0924. இன்னொன்றும் 0924. இந்த வருஷம் ஒன்பதாவது வாரம். மூக்கை அருகில் கொண்டுபோனேன். புது ரப்பரின் அந்தக் காரமான வாடை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், உள்ளே போய் உடனே எழும்பியது.

ஆசாம் ஜாவாவில் சொன்ன விலையைவிட ஜோடிக்கு முந்நூறு வெள்ளி கூடுதல். யோசிக்காமல் முன்பணம் கொடுத்தேன். ஒரு டயர்தானே கெட்டது என்று வீட்டில் கேட்டார்கள். எட்டு மாதம் தேய்ந்ததையும் புதுசையும் ஒரே அச்சில் போட மனமில்லை. போதாததற்கு, வலது டயரின் எண்ணும் 3616.

ஜூலை 13, சனி

காலை எட்டரைக்கு அவருடைய ஆட்கள் இரண்டு பேர் வண்டியோடு தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள். கூலிக்குத் தனிக் கணக்கு, அதை முன்பே சொல்லியிருந்தார்.

அவர்களில் ஒருவர் நம் ஆள், ஈஜோக்காரர். ரிம்மின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகுதான் டியூபைத் தொட்டார். டயருக்குள் பவுடர் தூவி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, இரண்டு இரும்புக் கம்பியால் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். “பூவோட வி எழுத்து மேலேந்து பாக்குறப்ப முன்னால காட்டணும் அண்ணே, மாத்திப் போட்டா சேறு வெளிய தள்ளாது” என்று விரலால் வரைந்து காட்டினார். விளிம்பு உட்காரக் காற்றடித்தபோது 35 பிஎஸ்ஐ-க்கு மேல் போகவே விடவில்லை. ஒரு பக்கம் உட்காராததால் காற்றை முழுக்க இறக்கி, மறுபடி சவர்க்காரம் தடவி, முதலிலிருந்து தொடங்கினார். 35-க்கு மேல் அடித்தால் விளிம்புக் கம்பி அறுந்து ஆளையே தூக்கி எறியும் என்றார். பிறகு வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டம்வரை தண்ணீர் விட்டார். டயருக்கு ஏறக்குறைய 200 லிட்டர். களிமண்ணில் சக்கரம் வழுக்காமல் இருக்க அந்த எடை வேண்டும்.

பெரியப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து வந்து, இரண்டு டயரின் எண்ணையும் தடவிப் படித்தார். கொட்டகைத் தூணில் பழைய சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார்: 0924, 0924, போட்டது 13-7-24.

மதியத்துக்கு மேல் பாக்கி நிரைகளை முடித்தேன். நான்கு நாள் கிடந்ததில் உதிரிப்பழம்தான் அதிகம்; என் மகள் வாளி எடுத்துக்கொண்டு பின்னாலேயே பொறுக்கி வந்தாள். கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி மில்லுக்கு ஓட்டினேன்.