கீழ்த்தளத்தில் தொடங்கும் வீடு

வீடமைப்புத் திட்டம் கைக்கு வந்தால் நான் முதலில் வரைவது கீழ்த்தளம். படுக்கையறையும் சமையலறையும் பிறகுதான். சிங்கப்பூரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடியிருக்கிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது பெரும்பாலும் அடுக்குமாடி புளோக்கின் அடியில்தான்.

இந்த வீடுகளுக்கு 1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு விழுக்காடுவரை வீடு வாங்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். அதன் சுமை சிறுபான்மையினர்மேல் கூடுதலாக விழுகிறது. புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால் இந்தியர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவு, விலையும் இறங்கலாம். அந்த இழப்புக்கு ஈடு தரத்தான் வேண்டும். ஆனாலும் வரம்பு தேவை என்பதே என் எண்ணம். அது வெவ்வேறு இனத்தாரை ஒரே புளோக்கில் குடிவைக்கும். பேசவைப்பது கட்டடக் கலைஞர்களான எங்கள் வேலை.

பழைய புளோக்குகளில் மின்தூக்கி நாலைந்து மாடிக்கு ஒருமுறைதான் நின்றது. மற்ற மாடிக்காரர்கள் அங்கே இறங்கி, அடுத்த வீட்டு வாசல்களைக் கடந்து படியேறினார்கள். முதியோருக்கு அது பெரும்பாடாக இருந்தது. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அதை மாடிதோறும் நிற்கவைத்தது நல்லதே. ஆனால் வாசல்களில் நிகழ்ந்த அந்தச் சந்திப்பை வேறிடத்தில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. அதனால் அஞ்சல் பெட்டி, மாமா கடை எனும் சிறு மளிகைக்கடை, மின்தூக்கி மூன்றையும் ஒரே நடைவழியில் வைக்கிறேன். மின்தூக்கிக்குக் காத்திருப்பவருக்குக் கல்மேசை தெரிய வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவரை இடித்துக்கொண்டு போகும்படி இருக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் தூணோ சுவரோ இருந்தால்தான் முதியவர்கள் நெடுநேரம் உட்காருவார்கள். மிச்சத் தளத்தை வெறுமையாக விடச் சொல்லி வாதாடுவேன்: அதே தரையில் ஒரு வாரம் மலாய்த் திருமணம் நடக்கும், இன்னொரு வாரம் சீனர் வீட்டு இறுதிச்சடங்கு.

உட்லண்ட்ஸில் வோஹா நிறுவனம் வடிவமைத்த கம்போங் அட்மிரல்ட்டி வளாகம் இதையே செங்குத்தாகச் செய்தது. அடியில் திறந்த சதுக்கம், அதன்மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், இன்னும் மேலே பாலர் பராமரிப்பும் மூத்தோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். கூடவே முதியோருக்கு 104 வீடுகள். மருந்து வாங்க வந்தவர் சாப்பிட உட்காருகிறார், பேரப்பிள்ளையை அழைக்க வந்தவர் அவரைப் பார்க்கிறார்.

வரைபடத்தில் தெரியாத ஒன்றும் உண்டு: கடை வாடகை. முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்டுவிடுவேன். மாமா கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாத வாடகை வைத்தால், எந்த வீட்டில் யார் உடம்பு முடியாமல் படுத்திருக்கிறார் என்று அறிந்த ஒரே ஆள் அந்தப் புளோக்கை விட்டுப் போய்விடுவார். அந்த இடத்தை நிரப்பும் வடிவமைப்பு எதுவும் என்னிடம் இல்லை.