மூன்று பேரும் மேரியும்

நேற்று இரவு தூக்கம் வரவில்லை. யூடியூபில் எதையோ தேடப்போய், ஒரு பழைய ஹாலிவுட் குறும்படத்தில் மாட்டிக்கொண்டேன். 1934-ல் கொலம்பியா நிறுவனம் எடுத்த ‘வுமன் ஹேட்டர்ஸ்’. இருபது நிமிடம்கூட இல்லை. மோ, லாரி, கர்லி என்ற ‘த்ரீ ஸ்டூஜஸ்’ மூவரும் அந்த நிறுவனத்துக்கு நடித்த முதல் படம். 1959 வரை இப்படி 190 குறும்படங்கள்! டிவியில் இவர்கள் அடித்துக்கொள்வதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. பெண்களே வேண்டாம் என்று சங்கத்தில் சேர்ந்து மூவரும் சத்தியம் செய்கிறார்கள். லாரி மட்டும் மேரி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு தேனிலவுக்கு ரயிலேறுகிறான். அதே ரயிலில் மற்ற இருவரும்! மேரி லேசுப்பட்டவளா? அந்த இருவரையும் தனித்தனியே மயக்கி, கடைசியில் மூவரையும் ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடுகிறாள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வசனம். படம் நெடுக எல்லாரும் செய்யுளாகவே பேசுகிறார்கள். நம் இயைபுத் தொடை மாதிரி வரிக்கு வரி கடைசி ஓசை ஒத்து வருகிறது. பின்னால் இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. அறை விழுவதற்கும் ஓசை முடிய வேண்டும். உண்மையைச் சொன்னால் நம் மூவருக்கும் இது சரியாக வரவில்லை. மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கும் பையன்கள் மாதிரி நிற்கிறார்கள். மேரி வாயில் மட்டும் பேச்சாகவே வருகிறது. அவர் மார்ஜோரி ஒயிட். கனடாவில் பிறந்து, சிறுவயதிலேயே மேடையேறி ஆடிப் பாடியவர். படத்தைத் தூக்கி நிறுத்துவது அவர்தான். அதுவே அவருக்குக் கடைசிப் படம். அடுத்த ஆண்டே கார் விபத்தில் போய்விட்டார். வயது 31. இன்று இந்தப் படத்தைத் தேடுகிறவர்கள் தேடுவதெல்லாம் அந்த மூவரைத்தான்.

பாதிப் படத்தில் நிறுத்திவிட்டேன். ஒரு பெண்ணின் ஞாபகம்.

வேலையில் சேர்ந்த புதிது. ஆண்டு விழாவுக்கு எதுகை மோனையோடு ஒரு சிரிப்பு நாடகம் எழுதினேன் (அப்போது நான் பெரிய கவிஞன் என்று நினைப்பு). மூன்று பையன்கள் ஒருவரையொருவர் துடைப்பத்தால் அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அக்காவாக ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பையன்கள் மேடையில் வரியை மறந்து விழித்தார்கள். அவள் ஓசை கெடாமல் அந்த வரியையும் தானே சொல்லி, தன் வரியையும் சொல்லி, கொண்டுபோனாள். கைதட்டல் துடைப்பத்துக்கு. நானும் மூன்று பையன்களை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு பேனா கொடுத்தேன். அவளைக் கூப்பிடத் தோன்றவே இல்லை.

மறுநாள் நாடக நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். “சார், மூணாவது காட்சியில ஒரு வரி மோனை சரியா வரலை. மாத்திச் சொல்லிட்டேன். தப்பா சார்?”

“பரவாயில்லம்மா” என்று நோட்டை வாங்கி வைத்தேன்.

அடுத்த ஆண்டும் அதே நாடகத்தைப் போட்டேன். அவள் மாற்றிய வரியோடுதான்.