கள்ளச்சாவியும் மாற்றுச்சாவியும்

நாம் நாள்தோறும் வழங்கும் தமிழ்ச் சொற்களுள் கடல் கடந்து வந்தவை பல. சாவி என்பது அவற்றுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் நம் கரையில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர் திறவுகோலுக்கு வைத்திருந்த பெயரே நம் நாவில் சாவியாகத் திரிந்தது. சன்னலும் அலமாரியும் மேசையும் அவ்வாறு வந்தவையே. சாந்தோமில் அவர்கள் எழுப்பிய கோட்டை மதில்கள் என்றோ மறைந்துவிட்டன. அவர்கள் தந்த சொல்லோ இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் வாசற்படியருகே ஆணியில் தொங்குகிறது.

சொல்லைத்தான் கடன் வாங்கினோம். அதைப் பற்றிய சிந்தனை நம்முடையதே. ஒரு பூட்டுக்கு இரண்டாவதாகச் செய்யப்படும் சாவிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. உரியவர் கேட்டுச் செய்தால் அது மாற்றுச்சாவி. உரியவர் அறியாமல் செய்தால் அதுவே கள்ளச்சாவி. இரண்டும் ஒரே இரும்பு. ஒரே அரத்தால் அராவப்பட்டவை. இரண்டையும் பூட்டினுள் இட்டுத் திருகிப் பார்த்தால் எது எதுவென்று பூட்டுக்குத் தெரியாது. இந்த வேறுபாடு சாவியில் இல்லை. அதைச் செய்யச் சொன்னவரிடமும் செய்து கொடுத்தவரிடமும் இருக்கிறது. அண்மைக் காலத்தில் இந்தச் சொற்களைப் பற்றி நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

பூட்டுச் செய்வோருக்கும் பூட்டைத் திறப்போருக்கும் இடையே நடப்பது ஓய்வில்லாத போட்டி. நம் திண்டுக்கல்லில் கையாலேயே செய்யப்படும் பூட்டுகளின் பெருமையை அறியாதவர் இலர். 2019இல் அவற்றுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாங்காய் வடிவிலான அந்தப் பூட்டினுள் அடுக்கப்பட்டுள்ள தகடுகள் ஒவ்வொன்றையும் அதற்குரிய உயரத்திற்குச் சாவியின் பற்கள் தூக்கினால்தான் நாக்கு விலகும். இங்கிலாந்தில் பிரமா என்பவரின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறைகூவலுடன் பல பத்தாண்டுகள் ஒரு கடைச் சன்னலில் காட்சிக்கு இருந்தது. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர், 16 நாள்கள் முயன்று அதைத் திறந்துவிட்டார். பூட்டின் குறையை இப்படி ஊரறியச் சொல்வது திருடருக்கு உதவாதா என்று அன்று பலர் கேட்டனர். திருடர் அதை முன்பே அறிவர். அறியாதவர் வீட்டுக்காரரே என்பது மறுதரப்பின் விடை.

மோட்டார் காரின் சாவியும் நெடுங்காலம் வெறும் இரும்பாகவே இருந்தது. பல்லின் அச்சு கிடைத்தால் போதும், கள்ளச்சாவி ஆயத்தம். சாவியே இன்றியும், கம்பிகளை இணைத்து எஞ்சினைக் கிளப்பிச் செல்வோர் இருந்தனர். இதற்கு மாற்றாகவே சாவியின் பிளாஸ்டிக் தலையினுள் அரிசிமணி அளவேயான ஒரு சில்லைப் பதிக்கும் வழக்கம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் விதி வகுத்து, 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இத்தகைய தடுப்பு இருக்க வேண்டும் என்றது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான காலத்தை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், இதனால் கார்த் திருட்டு சராசரியாக 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது எனக் கண்டனர். நம் நாட்டில் மாருதி நிறுவனத்தார் இதனை 'ஐகேட்ஸ்' என்ற பெயரால் அறிமுகப்படுத்தினர்.

இந்தச் சில்லுக்கு பேட்டரி கிடையாது. சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது பெரும்பாலும் நொடிக்கு 1,25,000 முறை அதிரும் காந்தப்புலத்தை எழுப்ப, அந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்னாற்றலைப் பெற்றுக்கொள்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டியவுடன் வழி திறக்கிறதே, அங்கும் இதே நெறிதான். முதலில் வந்த சில்லுகள் தம் எண்ணை மட்டும் சொல்லின. பின்னர் வந்தவை இன்னும் நுட்பமானவை. கார் ஒவ்வொரு முறையும் புதியதொரு எண்ணைக் கேள்வியாக அனுப்புகிறது. சில்லு தன்னுள் இருக்கும் இரகசியத்தைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. இரகசியம் ஒருபோதும் வெளியே வருவதில்லை. காரும் தன்னிடமுள்ள இரகசியத்தால் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடைகள் ஒத்தால்தான் எஞ்சின் இயங்கும்.

இவ்வளவு செய்தும் போட்டி ஓயவில்லை. 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பரவலாக வழங்கிய ஒருவகைச் சில்லின் இரகசியத்தைக் கணக்கிட்டு எடுத்துக் காட்டினர். வேறொரு வகைச் சில்லைப் பற்றிய ஆய்வை வெளியிடக் கூடாதென 2013இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2015இல்தான் அது வெளிவந்தது. 1851இல் கேட்ட அதே கேள்வி, வேறு உடையில்.

இவையெல்லாம் நூலறிவு. கண்ணால் கண்டது நொச்சிக்குப்பத்தில்.

கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, உட்சாலையின் ஓரமாக, கடலைப் பார்த்தபடி அமைந்த மீனவர் குப்பம் அது. 2004 திசம்பர் 26இன் ஆழிப்பேரலையைக் கண்ட கரை. சாலையோரத்தில் மீன் விற்ற பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் அங்கே புதிய அங்காடி திறக்கப்பட்டது. அந்தக் குப்பத்து இளைஞர் ஒருவர், கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கி மூன்று வாரமே ஆகியிருந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அண்ணனின் ஃபைபர் படகை அலைக்குள் தள்ளிவிடக் கை கொடுத்தபோது, சட்டைப் பையிலிருந்த சாவி நீரில் விழுந்துவிட்டது. விற்றவர் தந்திருந்ததோ ஒரே சாவி. ஒரு பணிமனையில் கேட்டதற்கு, வண்டியை இழுத்துக்கொண்டு வரவேண்டும், சாவி வர இரண்டு வாரம் ஆகும் என்றார்களாம். மாதத் தவணைக்கோ ஐந்தே நாள்கள். வேறொரு அலுவலாக அவ்வழியே சென்ற நாம் அவருடைய தாயின் கலக்கத்தைக் கண்டு சற்றே நின்றோம்.

அதற்குள் ஸ்கூட்டரில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். பின்னிருக்கையில் ஒரு பெட்டி கட்டப்பட்டிருந்தது. இடத்திற்கே வந்து கார்ச் சாவி செய்து தருபவர். எல்லாரும் அவரை 'பாய்' என்றே அழைத்தனர். பெட்டியைத் திறக்குமுன் அவர் கேட்டது வண்டியின் பதிவுச் சான்றை. அதில் பழைய உரிமையாளரின் பெயரே இருந்தது. பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்த இரசீதை இளைஞர் காட்டினார். பெரியவர் தலையசைத்தார்.

"இது போதாது தம்பி. ஆர்சியில இருக்குறவரு நேர்ல வரணும்."

சூழ நின்றவர்களுக்குச் சினம் மூண்டது. "இந்தக் குப்பத்துல யாரை வேணா கேளு பாய், இவன் வண்டிதான்" என்றார் ஒரு மீன்காரப் பெண்மணி. இளைஞரின் தாய் நம் பக்கம் திரும்பி, "ஃபாதர், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். இரக்கத்தால் நாமும் சொன்னோம். பெரியவர் நம்மைக் கைகூப்பி வணங்கிவிட்டு, "ஃபாதர், நீங்க பெரியவங்க. ஆனா வண்டி உங்க பேர்லயும் இல்லீங்களே" என்றார். கடுமை சிறிதும் இல்லாத குரல். பிறகு மீன் அங்காடியின் நிழலில் போய் அமர்ந்துகொண்டார். வந்த வேலை கைகூடாமல் போனாலும் போகட்டும் என்று அவர் துணிந்திருந்தது தெரிந்தது.

மந்தைவெளியிலிருந்து பழைய உரிமையாளர் வந்து சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவருடைய அடையாள அட்டையைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பெட்டி திறந்தது.

கதவின் சாவித் துளையில் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து, உள்ளிருக்கும் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுணர்ந்து, அவற்றின் ஆழங்களைத் தாளில் எழுதிக்கொண்டார். அந்தக் கணக்கின்படி சிறு இயந்திரத்தில் புதுச்சாவி வெட்டப்பட்டது. கதவு திறந்தது. உள்ளே சாவியைத் திருகியதும் விளக்குகளும் எரிந்தன. தாயின் முகம் மலர்ந்தது. ஆனால் எஞ்சின் உறுமத் தொடங்கி உடனே அடங்கிவிட்டது. சிவப்பு விளக்கொன்று விட்டுவிட்டு மின்னியது. "இன்னும் வண்டிக்கு இந்தச் சாவி யாருன்னு தெரியாதும்மா" என்றார் பெரியவர். ஸ்டியரிங்கின் கீழேயுள்ள சொருகுதுளையில் கருவியொன்றை இணைத்து, வண்டிக்குரிய மறையெண்ணை இட்டு, அதன் நினைவிலிருந்த பழைய சாவியை அழித்தார். பின் புதிய சாவிகள் இரண்டை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். இம்முறை எஞ்சின் நின்று ஓடியது. "கடல்ல போன சாவி நாளைக்கு யார் வலையிலயாவது வந்தாலும் கதவத்தான் திறக்கும். வண்டி கிளம்பாது" என்று இளைஞரிடம் விளக்கினார். 6,000 ரூபாய் பெற்றுக்கொண்டார்.

புறப்படுமுன் ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் நாள், வண்டி எண், உரிமையாளர் பெயர் எல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்கினார். பழைய பக்கங்கள் நிறைந்திருந்தன. யார் கேட்டு இதை எழுதுகிறீர்கள் என்று வினவினோம்.

"யாரும் கேக்கல ஃபாதர். எந்தப் பூட்டும் எனக்குத் திறக்கும். அப்போ நான்தானே எனக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கணும்?"

அந்தச் சொற்களை நாம் பலநாள் மனத்தில் வைத்திருந்தோம். ஆய்வாளரும் பொறியாளரும் கூடி வகுத்த அந்தச் சில்லு, வண்டிக்கு உரிய சாவியை அறியும். சாவிக்கு உரிய மனிதரை அறியாது. சில்லின் இரகசியம் எத்தனை ஆழமாயினும், அதை அழித்துப் புதிதாய் எழுதும் கருவி ஒருவர் கையில் இருந்தே தீர வேண்டும். இல்லாவிடில் சாவியைக் கடலில் தொலைத்தவருக்கு விடிவில்லை. அந்தக் கை கேள்வி கேட்கும் கையா, கேளாத கையா என்பதில்தான் மாற்றுச்சாவி கள்ளச்சாவியாகாமல் நிற்கிறது. அன்று ஊராரின் சான்றையும் நம் சொல்லையும் அவர் ஏற்றிருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். அன்று தவறொன்றும் நேர்ந்திராது. ஆனால் அடுத்த குப்பத்தில், அடுத்த தெருவில், உருக்கமாகப் பேசத் தெரிந்த வேறொருவருக்கும் அதே சலுகையை அவர் தரவேண்டியிருக்கும்.

பிறருடைய சாவியைக் கையில் வைத்திருப்போர் நம்மிடையே பலர். வங்கி எழுத்தர், பத்திரம் எழுதுபவர், நோயாளியின் குறிப்பேட்டைக் காக்கும் செவிலியர், முதியோரின் ஓய்வூதிய அட்டையை வைத்திருக்கும் மகன், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் நம்மைப் போன்றோர். பேதுருவிடம் திறவுகோல்களைத் தந்தவர், எதைக் கட்டுவது, எதை அவிழ்ப்பது என்ற பொறுப்பையும் சேர்த்தே தந்தார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வாசகர்களே, பழைய வண்டி வாங்குவோர், இதுவரை பதிவாகியுள்ள சாவிகள் எத்தனை என்று பார்த்து, நம் கைக்கு வராதவற்றை அழித்துவிடச் சொல்வது நலம். அதைச் செய்ய வருபவர் நம் சான்றுகளைக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். ஒன்றும் கேளாமல் பெட்டியைத் திறப்பவரைக் கண்டே நாம் அஞ்ச வேண்டும்.