எலும்பு வெந்தால் ஆபத்து... ஈரல் வேகாவிட்டால் ஆபத்து!

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே தெருவெல்லாம் கறிக்குழம்பு வாசனைதான். சாப்பிட்டு முடித்ததும் இலையோரம் ஒதுக்கிய எலும்புகள் வாசலில் காத்திருக்கும் நாய்க்கும் பூனைக்கும் போய்விடும். ‘வாயில்லா ஜீவன், ஆசையா கடிக்கட்டும்’ என்பது வீட்டுப் பெரியவர்களின் பாசம். சில நேரம் அந்தப் பாசமே வினையாகிவிடுகிறது.

வெந்த எலும்பு ஈரப்பசை போய், கடித்ததும் சில்லுசில்லாக உடையும். கோழி எலும்பின் கூரான துண்டு தொண்டையையோ குடலையோ கிழித்துவிடலாம். எலும்போடு சேர்ந்து போகும் குழம்பும் சும்மா இருக்காது. வெங்காயமும் பூண்டும் இவற்றின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம்.

‘அப்போ பச்சையாவே போட்டா என்ன?’ என்று கறிக்கடையில் கழித்துப்போடும் ஈரலையும் நுரையீரலையும் வாங்கி வருபவர்கள் உண்டு. ஆட்டின் இந்த உறுப்புகளில் சில சமயம் நீர்க்கட்டிகள் இருக்கும். அதற்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, முட்டைகள் மலத்தோடு வெளியேறும். நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். அதைக் கொஞ்சிய கையைக் கழுவாமல் குழந்தை சாப்பிட்டால், அந்த முட்டை உள்ளே போய், பல வருஷம் கழித்து ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வந்து நிற்கலாம். அதனால் ஈரல், நுரையீரல் எதுவானாலும் உப்பு, மசாலா இல்லாமல் நன்றாக வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

பாக்கெட்டில் வரும் காய்ந்த காது, குளம்பு போன்றவையும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2019-ல் அமெரிக்காவில் நாய்க்கான பன்றிக்காது மூலம் 34 மாநிலங்களில் 154 பேருக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றியது. அதைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

கடிக்கக் கொடுக்கும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகப் பள்ளம் விழுந்தால் சரி. விழாவிட்டால் பல்லை உடைத்துவிடும். நல்லி எலும்பும் குளம்பும் அந்த ரகம்தான். ஆட்டுக்காது போன்ற குருத்தெலும்பு பரவாயில்லை. அதுவும் நாயால் முழுசாக விழுங்க முடியாத அளவில் இருக்கட்டும். கடிக்கும்வரை யாராவது பக்கத்தில் இருங்கள். சிறுத்துவிட்டால் வாங்கிவிடுங்கள். பூனைக்கு எலும்பில்லாத வெந்த கறித்துண்டே போதும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பூச்சி மருந்தும் தவறக் கூடாது.

எலும்பு தின்ற பிறகு வாந்தி, எச்சில் ஒழுகல், மலம் போக முக்குதல், மலத்தில் ரத்தம் என எது தெரிந்தாலும், சோற்று உருண்டையை ஊட்டி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.